யாரும் அதிகம் பேசாத 8-பிட் நிஞ்ஜா கேம்கள்: தேடிப் பிடித்து, பழகி, முடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் வீட்டு டிவி கேமோடு வந்த கேசட்டில் ஏகப்பட்ட கேம்கள் இருந்தன. அதில் ஒன்றில் சிவப்பு உடை போட்ட ஒருவன் காட்டுக்குள் நிற்பான். மேல் அம்புக்குறியை அழுத்தினால் மரத்தின் உச்சிக்கும் மேலே போய், கிளைகளுக்கு நடுவே மிதந்து இறங்குவான். மற்ற கேம்களில் எல்லாரும் ஒரு முழம் உயரம் குதித்துக்கொண்டிருந்த காலம் அது. கதை என்ன, யாரைக் காப்பாற்ற வேண்டும் என்று எதுவும் தெரியாது. அந்தத் தாவலுக்காகவே மாலை முழுக்க விளையாடுவேன். பல வருடம் கழித்துத்தான் பெயர் தெரிந்தது: டைட்டோ நிறுவனத்தின் 'தி லெஜண்ட் ஆஃப் காகே'. 1985இல் ஆர்கேடிலும் (காசு போட்டு ஆடும் பெரிய இயந்திரம்), 1986இல் நிண்டெண்டோ ஜப்பானில் விற்ற 8-பிட் வீட்டு இயந்திரமான ஃபாமிகாமிலும் வந்தது.

அன்று முதல் இன்று வரை நிஞ்ஜா கேம்களில் நான் தேடுவது ஒன்றைத்தான்: நிஞ்ஜாவின் உடல். வாளும் கதையும் அதற்குப் பிறகு. ஒரு நிஞ்ஜா எப்படி நகர்வான் என்ற கேள்விக்கு ஒவ்வொரு குழுவும் தனக்கென்று ஒரு பதில் கண்டுபிடித்திருக்கிறது. டெக்மோவின் 'நிஞ்ஜா கெய்டன்', செகாவின் 'ஷினோபி' இரண்டின் பதில்களும் எல்லாருக்கும் தெரியும். அவற்றின் நிழலில் நின்றுவிட்ட மற்ற பதில்கள் சில உண்டு. அவற்றை எங்கே தேடுவது, எந்த வரிசையில் ஆடுவது, எப்படிக் கை பழக்குவது என்பதை ஒவ்வொரு படியாகச் சொல்கிறேன்.

படி 1: முதலில் ஓர் அளவுகோல்

மறக்கப்பட்ட கேம்களுக்குப் போகும் முன், எல்லாருக்கும் தெரிந்த ஒன்றை இரண்டு நாள் ஆடுங்கள். 1988 டிசம்பரில் ஜப்பானில் வந்த 'நிஞ்ஜா கெய்டன்' அதற்குச் சரியானது. முடிக்க வேண்டும் என்று அவசியமில்லை. மூன்று விஷயங்களை மட்டும் கவனியுங்கள்.

ஒன்று, நாயகன் ரியூ ஹயபுசா சுவரில் ஒட்டிக்கொண்டு எதிர்ச்சுவருக்குத் தாவும் விதம். இரண்டு, அடி பட்டதும் அவன் பின்னால் தூக்கி எறியப்படுவது. பள்ளத்தில் விழுந்து போகும் உயிர்களில் பாதி இதனால்தான் போகும். மூன்றாவது முக்கியமானது: ஓர் எதிரி வெளிப்படும் இடம் திரைக்கு வெளியே போய்த் திரும்பி உள்ளே வந்தால், செத்த எதிரியும் மறுபடி வந்து நிற்பான். பயந்து ஓர் அடி பின்வாங்கினாலே போதும், தீர்த்த கணக்கு திரும்ப வந்துவிடும். இந்தக் காலத்துக் கேம்கள் பலவற்றில் இதே பழக்கம் உண்டு. இதைப் புரிந்துகொண்டவர் முன்னால் போய்க்கொண்டே இருப்பார். புரியாதவர் ஒரே இடத்தில் நின்று ஒரே பறவையோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பார்.

படி 2: பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள்

இந்தக் கேம்கள் கவனத்திலிருந்து நழுவியதற்கு ஒரு காரணம் பெயர்கள். ஒரே கேம் ஊருக்கு ஊர் வேறு பெயரில் விற்றது. 80களின் கடைசியில் பிரிட்டனில் 'நிஞ்ஜா' என்ற சொல்லையே குழந்தைகளுக்கான பொருட்களில் போடத் தயங்கினார்கள். நிஞ்ஜா ஆமைகள் அங்கே 'ஹீரோ' ஆமைகளாக மாறியது அப்படித்தான். 'நிஞ்ஜா கெய்டன்' ஐரோப்பாவில் 'ஷேடோ வாரியர்ஸ்' ஆனது. நாட்சுமே நிறுவனத்தின் 'ஷேடோ ஆஃப் தி நிஞ்ஜா' அங்கே 'ப்ளூ ஷேடோ'. ஜப்பானில் அதன் பெயர் 'யாமி நோ ஷிகோட்டோனின் காகே'. ஒரு பெயரை மட்டும் வைத்துத் தேடினால் பாதி தகவல் கிடைக்காது.

சில சமயம் பெயரோடு ஆளும் மாறிவிடுவார். செகாவின் 'நிஞ்ஜா பிரின்சஸ்' என்ற ஆர்கேட் கேமில் நாயகி குருமி என்ற இளவரசி. செகாவின் வீட்டு இயந்திரமான எஸ்ஜி-1000க்கு வந்த பதிப்பிலும் அவள்தான். அதே கேம் 1986இல் செகாவின் அடுத்த இயந்திரமான மாஸ்டர் சிஸ்டத்துக்கு 'தி நிஞ்ஜா' என்று போனபோது, அவள் இடத்தில் கசமாரு என்ற ஆண் வந்து நின்றான். தானே வாளெடுத்த ஒரு பெண்ணைக் காப்பாற்றப்பட வேண்டியவளாக மாற்றியது எனக்கு இன்றும் வருத்தம்தான். பண்டாயின் 'நிஞ்ஜா கிட்' இன்னும் விசித்திரம்: ஜப்பானில் அது கிட்டாரோ என்ற பேய்க்கதை நாயகனின் கேம். அமெரிக்காவுக்குப் போகும்போது அவனை எடுத்துவிட்டு ஒரு நிஞ்ஜாவை வைத்தார்கள்.

இன்னொன்றையும் இந்தப் படியிலேயே முடிவு செய்யுங்கள்: எந்த ஊர்ப் பதிப்பு? ஜப்பான், அமெரிக்கப் பதிப்புகள் நொடிக்கு 60 முறை திரையைப் புதுப்பிக்கும் டிவிக்காகச் செய்தவை. ஐரோப்பிய டிவி 50 முறை. மாற்றம் எதுவும் செய்யாமல் அப்படியே கொண்டுபோன கேம்கள் அங்கே ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும், பாட்டும் இழுக்கும். நிஞ்ஜாவுக்கு வேகம்தான் உயிர். ஆகவே 60 பக்கமே நில்லுங்கள்.

படி 3: கருவி

நிண்டெண்டோ ஸ்விட்ச் வைத்திருந்தால் வேலை சுலபம். நிண்டெண்டோவின் ஆன்லைன் சந்தாவில் 2020இல் 'ஷேடோ ஆஃப் தி நிஞ்ஜா' சேர்ந்தது. 'நிஞ்ஜா கெய்டன்' அதற்கு முன்பே வந்துவிட்டது. டிவியில் 'கேம் மோட்' இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லாவிட்டால் பட்டனை அழுத்துவதற்கும் நிஞ்ஜா குதிப்பதற்கும் நடுவே ஒரு தாமதம் இருக்கும். அந்தத் தாமதத்தை உங்கள் தவறு என்று நினைத்துக்கொண்டு நாள் கணக்கில் மனம் நோவீர்கள். கட்டைவிரலால் உருட்டும் குச்சி வேண்டாம், சிலுவை வடிவப் பட்டன்தான் சரி.

பழைய கேசட்டே வேண்டும் என்பவர்களுக்கு: ஃபாமிகாம் கேசட்டுக்கு 60 பின், அதன் அமெரிக்க வடிவமான என்ஈஎஸ் கேசட்டுக்கு 72 பின். ஒன்றில் மற்றது நேரடியாகப் பொருந்தாது, நடுவே அடாப்டர் வேண்டும். நம் ஊரில் 90களில் விற்ற டிவி கேம்கள் ஃபாமிகாமின் நகல்கள். அதனால் அவற்றின் வாயும் 60 பின் அளவுதான். பரணில் ஒன்று கிடந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அப்புறம், கேசட் ஓடவில்லை என்றால் நாம் எல்லாரும் வாயால் ஊதினோமே, அது வேண்டாம். எச்சிலின் ஈரம் செம்புப் பின்களை அரிக்கும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடைத்து, காயவிட்டுப் போடுங்கள்.

படி 4: தாவலைக் கற்கும் நாள்

முதல் மறக்கப்பட்ட கேமாக 'காகே'யையே எடுங்கள். காடு, ரகசியப் பாதை, கோட்டைச் சுவர், கோட்டையின் உட்புறம் என நான்கே இடங்கள். கிரி இளவரசியை மீட்டால் அவளை மறுபடி தூக்கிப் போவார்கள், பருவகாலம் மாறும், காடு வேறு நிறத்தில் திரும்ப வரும். ஒரு சுற்று முடிக்க அதிக நேரம் ஆகாது.

பழக வேண்டியது இரண்டு. தாவுவதற்குத் தனிப் பட்டன் இல்லை, மேல் அம்புக்குறிதான். இது விரலுக்குப் பிடிபடவே அரை மணி நேரம் ஆகும். அடுத்தது, எதிரி எறியும் நட்சத்திர வடிவக் கத்திகளான ஷுரிகென்களை வாள் வீசித் தட்டிவிடலாம். வாள் இங்கே கேடயமும் கூட. எதிரியைத் துரத்தாதீர்கள். உயரே போய், மிதந்து இறங்கும் வழியில் எறியுங்கள். தரையில் நின்று சண்டை போட்டால் இந்தக் கேம் சாதாரணமாகத் தெரியும். காற்றில் ஆடினால்தான் அதன் அழகு புரியும்.

பிடித்துவிட்டதா? அதே டைட்டோவின் 'டீமன் ஸ்வார்ட்' இந்தத் தாவலின் வாரிசு. ஜப்பானில் 1988இல் 'ஃபுடோ மியோஓ டென்' என்று வந்தது. முறிந்துபோன வாளோடு தொடங்குவீர்கள். போகப் போக அது நீளும். வாள் வளர்வதைக் கண்ணால் பார்க்கும் அந்தச் சந்தோஷத்தைப் பெரிய பட்ஜெட் கேம்கள் பலவும் தந்ததில்லை.

படி 5: ஷேடோ ஆஃப் தி நிஞ்ஜா, பொறுமையாக

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு கேமுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதை எடுங்கள். ஜப்பானில் 1990, அமெரிக்காவில் 1991. 1990 கடைசியிலேயே ஜப்பானில் நிண்டெண்டோவின் அடுத்த இயந்திரமான சூப்பர் ஃபாமிகாம் வந்துவிட்டது, 8-பிட் கேம்களைத் திரும்பிப் பார்க்க ஆள் குறைந்துவிட்டது. ஒரு இயந்திரத்தை முழுதாகப் புரிந்துகொண்டவர்கள் அதன் கடைசிக் காலத்தில் செய்த வேலை இது.

கதை 2029இல் அமெரிக்காவில் நடக்கிறது. கருடா என்ற சர்வாதிகாரியை வீழ்த்த இரண்டு நிஞ்ஜாக்கள் வருகிறார்கள்: ஹயாட்டே, கயேடே. ஓர் ஆண், ஒரு பெண், இருவருக்கும் ஒரே திறமை. குருமிக்கு நடந்ததைப் படித்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று தெரியும்.

இங்கே உடலின் பதில் தொங்குவது. மேலே இருக்கும் தளத்தின் அடிப்பகுதியை நோக்கிக் குதித்தால் நிஞ்ஜா அதைப் பிடித்துக்கொள்வார். அங்கிருந்தபடியே கைமாற்றி நகரலாம், தாக்கலாம், சட்டென்று குட்டிக்கரணம் போட்டு மேலே ஏறி நிற்கலாம். மற்ற கேம்களில் தளம் என்றால் மேலே நிற்கும் இடம் மட்டும்தான். இங்கே ஒவ்வொரு தளத்துக்கும் இரண்டு பக்கம். அதனால் ஒரே திரையில் போகக்கூடிய வழிகள் இரண்டு மடங்கு ஆகின்றன. இந்த ஒரு அசைவுக்காகத்தான் இந்தக் கேமை நான் இத்தனை வருடமாக விடாமல் வைத்திருக்கிறேன்.

பயிற்சியை இப்படி வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் முதல் கட்டத்தை விட்டு வெளியே போகாதீர்கள். எதிரிகள் குறைவாக உள்ள இடமாகப் பார்த்து, தளத்தின் கீழ் பிடிப்பது, மேலே புரளுவது, இறங்கி மறுபடி பிடிப்பது என்று கை யோசிக்காமல் செய்யும் வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். சலிப்பாகத்தான் இருக்கும். ஆனால் பின்னால் வரும் கட்டங்களில் யோசிக்க நேரம் கிடைக்காது.

இரண்டாம் நாள் ஆயுதங்கள். கட்டானா என்ற வாள் நெருங்கிய சண்டைக்கு. சங்கிலி கட்டிய அரிவாளான குசாரிகாமா தூரத்துக்கு. எண்ணி வீச ஷுரிகென்களும் குண்டுகளும் உண்டு. பெட்டியை உடைத்ததும் வருவதை எல்லாம் பாய்ந்து எடுக்காதீர்கள். கையில் பழகிய ஆயுதம் இருக்கும்போது தெரியாமல் வேறொன்றை எடுத்து, கட்டத்தின் கடைசியில் வரும் பெரிய எதிரியான பாஸ் முன்னால் போய் விழிப்பதுதான் இந்தக் கேமில் புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு. எந்தப் பெட்டியில் எது என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வாருங்கள். நான் இன்றும் எழுதுகிறேன்.

மூன்றாம் நாள் மின்னல். தாக்கும் பட்டனை அழுத்திப் பிடித்தால் திரை முழுக்க இடி இறங்கும் நிஞ்ஜுட்ஸு (நிஞ்ஜா வித்தை) ஒன்று உண்டு. அதற்கு விலை உங்கள் உயிர்ப்பட்டையின் பெரும்பகுதி. ஆகவே பயத்தில் பட்டனை இறுக்கிப் பிடிக்கும் பழக்கம் இருந்தால் அதை முதலில் விடுங்கள், தெரியாமலே உயிரைச் செலவழித்துவிடுவீர்கள். மருந்து எங்கே இருக்கிறது என்று தெரிந்த இடத்துக்குச் சற்று முன்னால் அதைப் பயன்படுத்துவது நல்ல கணக்கு.

அதற்குப் பிறகு முழு ஓட்டம். இந்தக் கேமில் மூன்று உயிர், ஐந்து உயிர் என்ற பேச்சு இல்லை. ஒரே உயிர்ப்பட்டை, அது தீர்ந்தால் கன்டினியூ, அதாவது மறுபடி தொடரும் வாய்ப்பு. கன்டினியூவும் அளவோடுதான். கடைசிக் கட்டங்களுக்குக் கன்டினியூவைச் சேமிக்க வேண்டுமானால் முதல் இரண்டு கட்டங்களை ஒன்றுகூடச் செலவழிக்காமல் தாண்டப் பழகுங்கள். அது வரை மூன்றாவதற்குப் போக வேண்டாம் என்றே சொல்வேன்.

ஆடும்போது சத்தத்தைக் குறைக்காதீர்கள். மிசுட்டானி இக்குவின் இசை இது. ஃபாமிகாமில் இரண்டு பல்ஸ் அலை, ஒரு முக்கோண அலை, ஓர் இரைச்சல், ஒரு சாம்பிள் என ஐந்தே தடங்கள். அதற்குள் நாட்சுமே எழுப்பும் கனத்த அடிக்குரல் ஒலியை ஹெட்போனில் கேளுங்கள். இரண்டு முறை கேட்டாலே அடுத்த நாட்சுமே கேமைக் கண்ணை மூடிக்கொண்டு அடையாளம் சொல்லிவிடுவீர்கள்.

நண்பரோடு ஆடும்போது ஒன்று கவனத்தில் இருக்கட்டும். அந்த இயந்திரம் ஒரு கிடைக்கோட்டில் ஸ்ப்ரைட் எனப்படும் 8 நகரும் படத்துண்டுகளுக்கு மேல் காட்டாது. இரண்டு நிஞ்ஜாக்களும் எதிரிகளும் ஒரே உயரத்தில் நின்றால் உருவங்கள் மினுக்கும். கேசட் கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள். ஒருவர் தரையில், ஒருவர் மேலே தொங்கியபடி என்று உயரத்தைப் பிரித்துக்கொண்டால் மினுக்கமும் குறையும், சண்டையும் சுலபமாகும்.

இந்தக் கேமுக்கு ஒரு கிளைக்கதையும் உண்டு. நாட்சுமே இதை நிண்டெண்டோவின் கையடக்க இயந்திரமான கேம் பாய்க்குக் கொண்டுபோகத் தொடங்கிய வேலைதான், டெக்மோவின் உரிமம் சேர்ந்து, 1991இல் 'நிஞ்ஜா கெய்டன் ஷேடோ' ஆக வெளிவந்தது. நாயகன் ரியூ என்றாலும் எலும்பு நாட்சுமேயுடையது. அதையும் ஒரு மாலை ஆடிப் பாருங்கள்.

படி 6: உருமாறும் நிஞ்ஜாக்கள்

'நிஞ்ஜா க்ரூசேடர்ஸ்', சாம்மி வெளியீடு, 1990. இதுவும் இருவர் ஆடலாம். ஒரே அடியில் உயிர் போகும், அதனால் பலர் பத்து நிமிடத்தில் எடுத்து வைத்துவிடுகிறார்கள். அவர்கள் தவறவிடுவது இதன் அருமையான யோசனையை: கையில் இருக்கும் ஆயுதத்தைப் பொறுத்து நிஞ்ஜா விலங்காக மாறுவார். ஷுரிகென் புலி, குசாரிகாமா கடல்வாழ் உயிரி, கம்பு பருந்து, வாள் டிராகன். எனவே ஆயுதத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே, அடுத்து வருவது தண்ணீரா, வானமா என்று யோசித்துவிட வேண்டும். முதல் சில ஓட்டங்களில் கொல்வதைப் பற்றி நினைக்காமல், எந்த இடத்துக்கு எந்த உடல் என்று மட்டும் கண்டுபிடியுங்கள்.

படி 7: கையடக்க ஷினோபி

ஷினோபி எல்லாருக்கும் தெரியும், ஆனால் செகாவின் கையடக்க இயந்திரமான கேம் கியரில் 1991இல் வந்த 'தி ஜி.ஜி. ஷினோபி'யை ஆடியவர்கள் குறைவு. நாயகன் ஜோ முசாஷி சிவப்பு நிஞ்ஜாவாகத் தொடங்கி, பிடிபட்ட நான்கு தோழர்களை மீட்க வேண்டும். நான்கு இடங்களை எந்த வரிசையிலும் போகலாம். மீட்டவர் உங்களோடு சேர்வார், நினைத்த நேரத்தில் ஆளை மாற்றிக்கொள்ளலாம். மஞ்சள் நிஞ்ஜா தண்ணீரில் நடப்பார், நீல நிஞ்ஜா கொக்கி மாட்டி ஊசலாடுவார், இளஞ்சிவப்பு கூரையில் ஒட்டி நகர்வார். இந்தக் கட்டுரை முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறேனே, ஒவ்வொரு நிஞ்ஜாவுக்கும் ஓர் உடல் என்று, அது இந்த ஒரே கேசட்டுக்குள் ஐந்தாக இருக்கிறது. இசை யூசோ கோஷிரோ. அடுத்த வருடம் வந்த இரண்டாம் பாகமும் நல்லது.

பழைய கேம் கியர் வாங்குகிறீர்கள் என்றால், கெபாசிட்டர் மாற்றியதா என்று கேட்டே வாங்குங்கள். அதில் போட்டிருந்த கெபாசிட்டர்கள் காலப்போக்கில் ஒழுகும். முதலில் சத்தம் மங்கும், பிறகு திரை.

படி 8: மிச்சத்தை வேகமாக

'கிட் நிக்கி' ஐரெம் ஆர்கேடிலிருந்து வந்தது. சுழலும் வாள்தான் அதன் அடையாளம். பாஸ்கள் அந்த வாளையே கையிலிருந்து தட்டிவிடுவார்கள், ஓடிப் போய் எடுக்க வேண்டும். ஜலெகோவின் 'நிஞ்ஜா ஜாஜாமாரு-குன்' 1985, ஒரு மாலைக்கு இனிமையானது. பெரிய தவளை மேல் ஏறிப் போகும் இடத்துக்காகவே ஆடலாம். 'ராத் ஆஃப் தி பிளாக் மாண்ட்டா' நடை சற்றுக் கனம்தான். ஆனால் எதிரியைப் பிடித்து விசாரிக்கும் யோசனை அந்தக் காலத்துக்குப் புதிது. முடித்தே ஆக வேண்டும் என்று இதைச் சொல்ல மாட்டேன்.

அடாரி 7800 என்ற வீட்டு இயந்திரத்தில் 1990இல் வந்த 'நிஞ்ஜா கோல்ஃப்' மட்டும் கட்டாயம். பந்தை அடித்துவிட்டு, அது விழுந்த இடம் வரை எதிரிகளோடு சண்டை போட்டுக்கொண்டே ஓட வேண்டும். குழியை எட்டினால் அங்கே டிராகன். மொத்தம் 9 குழிகள். யோசனையைக் கேட்டால் சிரிப்பு வரும், ஆடினால் எவ்வளவு நேர்த்தியாக அதைச் செய்திருக்கிறார்கள் என்று தெரியும்.

படி 9: சிக்கிய இடத்தைத் தாண்டுவது

எந்தக் கேமானாலும் ஓரிடத்தில் கட்டாயம் சிக்குவீர்கள். இன்றைய வசதியில் நினைத்த நொடியில் சேமித்துக்கொள்ளலாம். அதைப் பயன்படுத்துவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஒரு ஒழுங்கு வைத்துக்கொள்ளுங்கள்: சிக்கிய இடத்துக்கு முன்னால் சேமித்து, அதை அடுத்தடுத்து ஐந்து முறை அடி படாமல் தாண்டும் வரை பயிற்சி செய்யுங்கள். பிறகு அந்தச் சேமிப்பை அழித்துவிட்டு, கட்டத்தின் தொடக்கத்திலிருந்து ஆடுங்கள். ஒவ்வோர் அடிக்கும் சேமித்துக்கொண்டே போனால் கடைசித் திரையைப் பார்ப்பீர்கள், உடலைக் கற்றிருக்க மாட்டீர்கள். ஒரு நாளைக்கு நாற்பது நிமிடம் போதும். இரவு தூங்கி எழுந்தால் நேற்று வராத தாவல் வந்திருக்கும். எனக்குப் பல முறை நடந்திருக்கிறது.

படி 10: அசலை முடித்த பிறகு

2024 ஆகஸ்டில், நாட்சுமே அடாரியின் டெங்கோ ப்ராஜெக்ட் குழு 'ஷேடோ ஆஃப் தி நிஞ்ஜா ரீபார்ன்' என்று இதை முழுதாக வரைந்து, புதிதாகச் செய்து வெளியிட்டது. முப்பது வருடத்துக்கு மேல் அதிகம் பேசப்படாமல் கிடந்த ஒரு கேமுக்கு, அதே வீட்டுக்காரர்கள் இவ்வளவு உழைப்பைக் கொடுத்தார்கள் என்று கேட்டபோது எனக்குக் கண் கலங்கியது. ஆயுதங்களைச் சேர்த்துவைத்துக்கொண்டு போகும் முறை போல மாற்றங்கள் உண்டு, கடினமும் குறையவில்லை. அசலை முடிக்காமல் நேராக இதற்குப் போக வேண்டாம். முதல் இரண்டு கட்டங்களையாவது கன்டினியூ இல்லாமல் தாண்டிவிட்டுப் போங்கள். புதிய படங்களுக்கு நடுவே முதல் தளத்தின் அடிப்பக்கம் கண்ணில் பட்டதும், உங்கள் விரல் தானாகவே அதைப் பிடிக்கப் போகும்.